இயந்திரத்தின் வாக்கு, வங்கியின் பொறுப்பு

தாராவியில் சிறுதொழில் நடத்துபவர் கடன் தவணை குறித்துத் தமது வங்கியிடம் கைப்பேசியில் கேட்டால், பதிலளிப்பது 'சாட்பாட்' இயந்திரமாக இருக்கலாம். அது தவறாகச் சொன்னால் பொறுப்பு யாருடையது? கட்டணச் சலுகை பற்றித் தனது சாட்பாட் அளித்த தவறான தகவலுக்குத் தான் பொறுப்பல்ல என்ற ஏர் கனடா நிறுவனத்தின் வாதத்தை, 2024-இல் கனடியத் தீர்ப்பாயம் நிராகரித்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கியின் நிபுணர் குழுவும், 2025 ஆகஸ்டில் முன்வைத்த 7 கோட்பாடுகளில் பொறுப்புடைமையைச் சேர்த்துள்ளது.

கோட்பாடு மட்டும் போதாது. பேசுவது இயந்திரம் என்பதை முதலிலேயே தெரிவிப்பது, வட்டி, அபராதம் பற்றி வங்கியின் பதிவில் உள்ளதை மட்டுமே சொல்வது, தெரியாதபோது ஊழியரிடம் ஒப்படைப்பது ஆகியவை ஐயத்துக்கிடமின்றி விதிகளாக எழுதப்பட வேண்டும். அவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.