குதிரைகளை எண்ணுவதை நிறுத்துங்கள்

வார இறுதியில் ஓட்டவும், அவ்வப்போது பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோகவும் ஒரு கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே வரும் கேள்வி "எத்தனை பி.எச்.பி.?" அடுத்தது, "நூறைத் தொட எத்தனை செகண்ட்?" இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்து வண்டிக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறார்கள். குதிரைத்திறன் கூடக் கூட வண்டி மேலும் மேலும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிறது என்பது இங்கே யாரும் சந்தேகிக்காத நம்பிக்கை. வாங்க வசதி இல்லாதவரும் அதை நம்புகிறார். கடன் வாங்கியாவது வாங்குபவரும் அதையே நம்புகிறார்.

இந்த நம்பிக்கை தவறு. ரசனை வேறுபாடு என்று சொல்லி விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. இது பணத்தைத் தின்கிறது; ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரைக் கற்றுக்கொள்ள விடாமல் தடுக்கிறது; தளத்தில் செலவழிக்க முடியாத வேகத்தைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது, 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. அதை யாரும் செய்யலாம். ஓட்டுநர் என்பவர் தேவைப்படும் இடங்கள் வேறு: எங்கே பிரேக்கில் கால் வைப்பது, அந்தக் காலை எவ்வளவு மெதுவாக எடுப்பது, வளைவின் உள்விளிம்பை எங்கே தொடுவது, வெளியே வரும்போது எப்போது மறுபடி மிதிப்பது. இங்கெல்லாம் கை கொடுப்பது டயர்கள் தரையைப் பற்றும் பிடி. அந்தப் பிடியைத் தின்பது எடை.

குதிரைத்திறனும் எடையும் சேர்ந்தே வருகின்றன. பெரிய இன்ஜினுக்குப் பெரிய ரேடியேட்டர், அந்த இழுவையைத் தாங்கத் தடித்த கியர்பாக்ஸ், அதற்கு ஏற்ற அகலமான சக்கரங்கள், இத்தனையையும் நிறுத்தப் பெரிய பிரேக். பி.எம்.டபிள்யூ. எம்5 காரையே பாருங்கள். 1985-இல் வந்த முதல் எம்5 286 குதிரைத்திறன், சுமார் 1,430 கிலோ. 2024-இல் வந்த எம்5 727 குதிரைத்திறன், 2,435 கிலோ. நாற்பது ஆண்டுகளில் ஒரு டன் கூடியிருக்கிறது. நேர்கோட்டில் புதியது பழையதைக் காணாமல் அடித்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த 2,435 கிலோவையும் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் நிறுத்தியாக வேண்டுமே!

நிறுத்துவது என்றால் என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,700 கிலோ எடையுள்ள ஒரு கார் நேர்கோட்டின் முடிவில் 200 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறங்குகிறது. அந்தச் சில நொடிகளில் பிரேக் தட்டுகள் விழுங்கும் சூடு, ஏழு லிட்டருக்கும் மேலான குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். 1,000 கிலோ கார் ஒன்று 150-இல் வந்து அதே 80-க்கு இறங்கினால், அந்தச் சூடு இரண்டு லிட்டருக்குத்தான் ஆகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இது. இந்தச் சூடு சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு ஏறுகிறது. பிரேக் ஃப்ளூயிடோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள். பெடலை மிதித்தால் அது தரைவரை போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் கல்லட்டி வழியாக, 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியவர்கள் அந்தக் கருகல் வாடையை அறிவார்கள். தளத்தில் அது பல மடங்கு வேகத்தில் நடக்கும்.

குதிரைத்திறன் செய்யும் கேடுகளில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. அது ஓட்டுநரின் தவறை மறைத்துவிடுகிறது. 400 குதிரைத்திறன் காரில் ஒருவர் வளைவுக்கு வெகுமுன்பே பயந்து பிரேக் பிடிக்கிறார், தவறான கோட்டில் நுழைகிறார், ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு தடுமாறி வெளியே வருகிறார். பிறகு நேர்கோட்டில் மிதிக்கிறார். இழந்த நேரத்தை இன்ஜின் மீட்டுக் கொடுத்துவிடுகிறது. முன்னால் போன சிறிய காரையும் தாண்டிவிடுகிறார். தான் நன்றாக ஓட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த முறையும் அப்படியே ஓட்டுகிறார். 100 குதிரைத்திறன் காரில் இந்த மன்னிப்பு கிடையாது. வளைவில் 5 கி.மீ. வேகத்தைத் தேவையில்லாமல் விட்டுவிட்டால் அடுத்த நேர்கோடு முழுவதும் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும். எங்கே தவறு செய்தோம் என்பது அந்தச் சுற்றிலேயே உறைத்துவிடும். ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை.

உலகத்தின் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன. உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். 1996-இல் லோட்டஸ் எலிஸ் சுமார் 720 கிலோ எடையும் 118 குதிரைத்திறனுமாக வந்தது. 2012-இல் டொயோட்டா 86 காரை உருவாக்கிய தெட்சுயா தாடாவின் குழு, பிரியஸ் காருக்கும் போடப்பட்ட மிஷ்லின் பிரைமசி டயரையே அதற்கும் போட்டது. பந்தய டயர் போட்டு அதன் சுற்று நேரத்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் வண்டி வழுக்கத் தொடங்கும் இடத்தைச் சாதாரண ஓட்டுநரும் மிதமான வேகத்திலேயே உணர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இன்னும் ஒரு படி போனது கேட்டர்ஹாம். 2021-இல் வந்த செவன் 170 காரில் இருப்பது சுசுகியின் 660 சி.சி. இன்ஜின். 84 குதிரைத்திறன், 440 கிலோ. நம் ஊர் மாருதி 800 இன்ஜினைவிடச் சிறிய இன்ஜின் அது.

மாருதி 800 என்றதும் கோயம்புத்தூரைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் அந்த 796 சி.சி. இன்ஜினை எடுத்துக்கொண்டு, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கையிலிருந்ததை வைத்து, எளிய குழாய்ச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி. நாராயண் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியது அதில்தான், ஸ்ரீபெரும்புதூர் தளத்தில்தான். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் காரின் இன்ஜின் ஓர் உலகத்தர ஓட்டுநரை உருவாக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தளத்தின் வாசலில் நின்றுகொண்டு "200 பி.எச்.பி.க்குக் குறைந்தால் அதெல்லாம் ஒரு வண்டியா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கிரேட்டர் நொய்டா புத் தளத்தில் ஒரு கிலோமீட்டர் நேர்கோடு இருக்கிறதே, அங்கே சின்ன வண்டி என்ன செய்யும் என்று கேட்பார்கள். பின்தங்கும். பெரிய வண்டி அங்கே குறைந்த நேரத்தில் சுற்றி வரும். இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் டிராக் டே என்பது போட்டி இல்லை. கோப்பை இல்லை, மேடை இல்லை. காலையில் போய், பகுதி பகுதியாக ஓட்டி, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்புவது. அங்கே நாம் பணம் கொடுத்து வாங்குவது ஓட்டும் நேரத்தை. பிரேக் கொதித்து, டயர் பொசுங்கி, வண்டி ஓரமாக ஆறிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதில் கழிந்துபோகிறது.

இப்போதைய வண்டிகளில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். ஏ.பி.எஸ்., வழுக்கல் கட்டுப்பாடு எல்லாம் உயிர் காப்பவை. எந்தச் சிறிய காரிலும் அவை இருக்க வேண்டும். ஆனால் அவை இருக்கும் பிடியைச் சரியாகப் பங்கிட்டுக் கொடுப்பவை. இல்லாத பிடியை எந்தக் கருவியும் உண்டாக்காது.

பணக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டுக் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று வழக்கமாக அதில் எழுதியிருக்கும். தளத்தில் தடுப்புச் சுவரில் இடித்தால் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். எண்பது லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியை, மாதத் தவணை இன்னும் நான்கு வருடம் பாக்கி இருக்கும்போது, ஒருவர் தளத்தில் எப்படி ஓட்டுவார்? பயந்து பயந்து ஓட்டுவார். அதன் திறனில் பாதியைக்கூடத் தொடாமல் ஓட்டுவார். அப்புறம் ஒரு செட் டயர் தேய்ந்ததும் அதன் விலையைப் பார்ப்பார். இரண்டாம் வருடம் வண்டி உறை போர்த்தி நிற்கும்.

தளத்தில் ஓடாத அந்த வண்டி அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாத பகுதி. நாட்டின் விரைவுச்சாலைகளில்கூட 120-க்கு மேல் அனுமதி இல்லை. மீனவக் குப்பங்களை ஒட்டி ஓடும் சாலையில் 200-ஐத் தொட்டுக் காணொளி எடுக்கிறார்கள். பல பெரிய வண்டிகள் இரண்டாம் கியரிலேயே 100-க்கு வந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் கியர்களை ஓட்டுநர் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவார்? சாலையைக் கடந்து பஸ்ஸுக்குப் போகிறவர்களும், விடிகாலையில் கடலுக்குக் கிளம்பியவர்களும் அந்த ஆசைக்கு ஏன் பணயம் ஆக வேண்டும்? சிறிய வண்டியிலும் கண்மண் தெரியாமல் ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் சிறிய வண்டி, சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே இன்ஜினையும் கியரையும் முழுதாக வேலை வாங்கும் சந்தோஷத்தைக் கொடுத்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் ஏற்றிப் பாருங்கள். 50 கி.மீ.யைத் தாண்டாமலேயே கை, கால், காது எல்லாவற்றுக்கும் வேலை இருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது? மாஸ்டா இங்கே விற்பனைக்கு வருவதில்லை. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் நல்லவை கிடக்கின்றன. 2022-இல் விற்பனை நின்ற ஃபோக்ஸ்வேகன் போலோவின் டி.எஸ்.ஐ. இன்ஜின் வண்டிகள்; 2005-இல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட் 1.3, பந்தயக்காரர்கள் இன்றும் பெயர் சொல்லும் ஹோண்டா சிட்டி வி-டெக். எல்லாமே ஒரு டன்னைச் சுற்றி எடை, நூறைச் சுற்றிக் குதிரைத்திறன். வாங்கும்போது சர்வீஸ் ஏடும், அடிச்சட்டத்தில் இடிபட்ட தடயமும், சஸ்பென்ஷன் புஷ்களின் நிலையும் பார்க்க வேண்டியவை. இன்ஜினை டியூன் பண்ணிவிட்டோம் என்று பெருமை பேசும் விற்பனையாளரிடமிருந்து விலகி நில்லுங்கள். யாரோ குதிரைகளைக் கூட்ட முயன்றதன் பின்விளைவு உங்கள் தலையில் விழும்.

வாங்கிய பிறகு செலவழிக்க வேண்டிய வரிசை இது: புது பிரேக் ஃப்ளூயிட், சூடு தாங்கும் பிரேக் பேட், நான்கு நல்ல டயர், வீல் அலைன்மென்ட், சான்றளிக்கப்பட்ட ஹெல்மெட். இவையெல்லாம் சேர்ந்தாலும் ஒரு பெரிய வண்டியின் டயர் செலவோடு போட்டி போடாது. மிஞ்சும் பணத்தைத் தளக் கட்டணத்துக்கும் பயிற்சியாளருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள். பிறகு உங்கள் வண்டியையே அவரிடம் கொடுத்து நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அதே இன்ஜின், அதே டயர், அதே வளைவுகள். அவருடைய சுற்று உங்களுடையதைவிடப் பல நொடிகள் குறைவாக இருக்கும். அந்த நொடிகள் தீரும்வரை வேறு வண்டியின் விலையைக்கூட விசாரிக்காதீர்கள்.