கோவலன் வந்த வழியும் நம் நண்பர் போகும் வழியும்

பெருநகரத்துக்குப் பிழைக்கப் போனவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பெருங்கதை சிலப்பதிகாரம்தான். அதைக் கற்புக் கதையாகவும் அரசியல் கதையாகவும் படித்துப் பழகிவிட்டதால், அது ஓர் இடப்பெயர்வின் கதையும் ஆகும் என்பது பல வேளைகளில் நம் கண்ணில் படுவதில்லை. கைப்பொருளை இழந்த ஒரு வணிகன், தன்னை எல்லோருக்கும் தெரிந்த ஊரில் மீண்டும் தொழில் தொடங்க நாணுகிறான். மனைவியின் சிலம்பை முதலாக வைத்து, தன்னை ஒருவருக்கும் தெரியாத பெரிய ஊரில் வாணிபம் செய்யலாம் என்று புறப்படுகிறான். அந்தப் பெரிய ஊர் மதுரை. நகருக்கு வெளியே, ஆயர் சேரியில், மாதரியின் வீட்டில்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. புதிதாக வருபவருக்குப் புறநகரில்தான் வீடு என்பது அன்றும் வழக்கமாகவே இருந்திருக்கிறது. தன்னை அங்கே யாருக்கும் தெரியாது என்பதைத்தான் கோவலன் நம்பினான். அவனைக் கொன்றதும் அதுவேதான். இவன் கள்வனல்லன் என்று சொல்ல அந்தக் கடைத்தெருவில் ஓர் ஆள் இல்லை.

காலம் திரும்பிவிட்டது. ஆட்கள் வந்து சேரும் ஊராக இருந்த மதுரை இன்று ஆட்கள் விட்டுப் போகும் ஊராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு மாட்டுத்தாவணியில் நின்று பார்த்தால் போதும். முதுகுப் பையும் கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலமுமாக வரிசை வரிசையாகப் பிள்ளைகள். 1977 ஆகஸ்டு 15இல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பிறகு, சென்னை என்பது ஒரு பகற்பொழுதில் எட்டிவிடக்கூடிய ஊராயிற்று. சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோமீட்டர். தொலைவு குறைந்தால் போகிறவர்கள் அடிக்கடி திரும்பி வருவார்கள் என்று அன்று நினைத்திருப்பார்கள். உண்மையில் போவதுதான் எளிதாயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் இலக்கிய வட்டத்தின் இளைய நண்பர் ஒருவர், தனியார் பள்ளியில் தமிழாசிரியர், நல்ல சிறுகதைகள் சில எழுதியவர், சென்னையில் கிடைத்திருக்கும் ஒரு வேலையை ஏற்கலாமா என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களில் படிக்க வேண்டிய நூல்களை ஒதுக்கிவிட்டு இதையே பேசினோம். அந்தப் பேச்சில் தேறியதை இங்கே வைக்கிறோம்.

முதலில் வந்த வாதம், எழுதுகிறவன் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது. இதற்குச் சான்றுகள் கைவசம் நிறைய. பாரதியே பெரிய சான்று. 1904ஆம் ஆண்டு மதுரையிலிருந்து வந்த ‘விவேகபாநு’ இதழில்தான் அவர் கவிதை முதன்முதலில் அச்சேறியது. அதே ஆண்டில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். ‘சுதேசமித்திரன்’ அழைத்தது; நவம்பரில் சென்னைக்குப் போய்விட்டார். அவர் மதுரையிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று ஊகிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் மேசை அவருக்கு உலகத்தையே திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. அடுத்து வத்தலகுண்டுக்காரர்கள். பி. எஸ். ராமையா சென்னைக்குப் போனார், ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக்கினார். சி. சு. செல்லப்பா போனார், 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார். சல்லிக்கட்டைப் பற்றிய ‘வாடிவாசல்’ நூலாக வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். மதுரைச் சீமையின் காளையைத் தமிழ் இலக்கியத்துக்குள் அவிழ்த்துவிட்டவர் திருவல்லிக்கேணிக் குடித்தனக்காரர் என்பதைச் சென்னைக் கட்சியினர் மிகுந்த உற்சாகத்தோடு எடுத்துச் சொன்னார்கள்.

மறுகட்சிக்கு ஜி. நாகராஜன் இருக்கிறார். அவர் மதுரையில் இருந்தார், மதுரையில் பயிற்றுக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார், ‘குறத்தி முடுக்கு’ நாவலை 1963இல் தம்முடைய ‘பித்தன் பட்டறை’ வெளியீடாகத் தாமே கொண்டுவந்தார், 1981இல் மதுரையிலேயே இறந்தார். சென்னையில் இருந்துகொண்டு அந்தச் சந்துகளை அப்படி எழுதியிருக்க முடியாது என்பது இவர்கள் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் நாகராஜனின் கடைசி ஆண்டுகளை அறிந்த எவரும் அவருடைய வாழ்க்கையை ஒரு பரிந்துரையாக நீட்ட மாட்டார்கள்.

இரண்டு கட்சியையும் சங்கடப்படுத்துகிறவர் ப. சிங்காரம். எங்கள் பேச்சில் அதிக நேரம் எடுத்துக்கொண்டவரும் அவரே. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர், மதுரையில் படித்தவர், இளம் வயதிலேயே சுமத்ராவின் மெடானுக்குப் பிழைக்கப் போனவர். போர்க்காலத்தை அங்கே கண்டு, 1946இல் திரும்பி வந்தார். பிறகு ‘தினத்தந்தி’யின் மதுரை அலுவலகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை, தனி வாழ்க்கை. 1997இல் காலமானார். எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல்தான் நூலாயிற்று.

‘புயலிலே ஒரு தோணி’யில் மெடான் தெருக்களில் நடக்கிற பாண்டியனின் நினைவில் மதுரையின் மாசி வீதிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைகள், மனிதர்கள், பேச்சு, சந்தை, எல்லாம் கடலுக்கு அப்பாலிருந்து பார்க்கப்படுகின்றன. இவ்வளவு நெருக்கமான மதுரையை, மதுரையை விட்டு வெளியேறியிராத ஒருவர் எழுதியிருப்பாரா? போனதால் வந்த எழுத்து அது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எழுதியது எங்கே? திரும்பி வந்து, மதுரையின் ஓர் அறையில் உட்கார்ந்து. மெடானும் மதுரையும் சேர்ந்தே அந்த நாவலைக் கொடுத்தன. அதற்குப் பின் மதுரையிலேயே இருந்த இத்தனை ஆண்டுகளில் மூன்றாவது நாவல் வரவில்லை. சென்னைப் பதிப்பகங்களுக்கும் இதழ்களுக்கும் அருகில் இருந்திருந்தால், அந்த நாவல் உரிய காலத்தில் வெளிவந்து பேசப்பட்டிருந்தால், இன்னொன்று வந்திருக்கும் என்று எங்களில் சிலர் உறுதியாக நம்புகிறோம். சிங்காரத்தின் மௌனத்தில் தொலைவுக்கு ஒரு பங்கு உண்டு.

ஆனால் அது அன்றைய தொலைவு. இன்று கையெழுத்துப் பிரதி ஒரு நொடியில் போகிறது; அட்டையும் மெய்ப்பும் கைப்பேசியிலேயே திரும்பி வருகின்றன; ஐம்பது படிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ள வழியிருக்கிறது. புத்தகக் கண்காட்சிக்குச் சென்னைக்கே போக வேண்டும் என்ற நிலையும் மாறிவிட்டது. தமுக்கம் மைதானத்தில் 2006இலிருந்து மதுரைக்கும் ஒரு கண்காட்சி உண்டு. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு, நூலுக்காகச் சென்னை போகிறேன் என்று யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. ஆகவே எழுத்துக்காகப் பெயர்வது என்பதே இருக்கிற காரணங்களுள் மிக மெலிந்தது என்பது எங்கள் முடிவு. நண்பர் அதைச் சொல்லித்தான் தொடங்கினார். அது தம்முடைய ஆசைக்கு அவர் போர்த்திய சால்வை.

உண்மையான காரணம் ஊதியம். அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் மதுரையே ஊதியம் தரும் ஊராக இருந்தது. ஹார்வி மில்லும் மீனாட்சி மில்லும் சுற்றுப்புறக் கிராமங்களை உள்ளே இழுத்துக்கொண்டன. டி.வி.எஸ். 1911இல் இங்கேதான் முளைத்தது. அந்தக் குழுமத்தின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் தலைமையகம் இன்று சென்னையில். உயர் நீதிமன்றக் கிளை 2004இல் வந்தது. வழக்கறிஞர்கள் ரயிலேறுவது குறைந்தது. எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள்; முதல் அணி மாணவர்கள் 2022இல் படிக்கத் தொடங்கியது ராமநாதபுரத்தில். மதுரைக்கு அறிவிக்கப்படுபவை மதுரைக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் காலம் தனி ஆராய்ச்சிக்குரியது. இதற்கிடையில் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் சென்னையை எதிர்பார்த்து நிற்கவில்லை. முறுக்குச் சட்டியோடு ஆந்திரத்துக்கும் வடக்கேயும் எப்போதோ போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி நல்ல நாவல் ஒன்று இன்னும் வரவேண்டும்.

இங்கே வரை பேச்சு இனிமையாகவே போயிற்று. மண்ணைவிட்டுப் போனால் மொழி வற்றிவிடும், வேர் அறுந்துவிடும் என்று எங்களுள் மூத்தவர் ஒருவர் சொன்னபோதுதான் அது கெட்டது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் நண்பர் அதுவரை வாய் திறக்கவில்லை. “யாருடைய மண், ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கே எவரிடமும் பதில் இல்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்தில் வைத்துத் தாக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டது 1997 ஜூன் 30ஆம் நாள். தனித்தொகுதியில் தலித் ஒருவர் தலைவரானதுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவில்லை, 2006இல்தான் நடந்தது. உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில். இவையெல்லாம் மதுரையிலிருந்து ஒன்றிரண்டு மணிப் பயணத்தில் இருக்கும் ஊர்கள். இந்தச் சமவெளியில் ‘நீ எந்த ஊர்?’ என்பது ஊரைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி அன்று. ஊருக்கு அடுத்து எந்தத் தெரு என்று வரும். தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்னதாகும். இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கப் பெருநகரம் போகிறவர்களிடம் நன்மை தீமைப் பட்டியலை நீட்டுவது அறிவீனம். கோவலனுக்குக் கேடாய் முடிந்த அந்த அறியப்படாமை, இவர்களுக்கு ஓர் உரிமை. மண்வாசனையை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடிவிட்டோம். அந்த வாசனை யாருக்கு எப்படி அடித்தது என்று கேட்காமலே கொண்டாடினோம்.

சென்னையில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்குத் தெரியும். ‘சைவமா?’ என்று அங்கே நாகரிகமாகக் கேட்கிறார்கள். ஆனால் ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருக்கிறது. ஊரில் இருப்பது ஒரே தெரு.

பெண்களின் கணக்கும் வேறு. எங்கள் வட்டத்துக்கு வரும் தோழியர் இருவர் இந்த விவாதத்தில் எடுத்த எடுப்பிலேயே சென்னைக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். மாலை ஏழு மணிக்குமேல் கூட்டம் நீண்டால், தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய இந்த ஊரில், எழுந்து போக வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆண்களுக்கு மட்டுமே விழித்திருக்கும் நகரம் என்று ஒருவர் திருத்தம் சொன்னார். நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம்.

சென்னை கொள்வதையும் சொல்ல வேண்டும். முதலில் கொள்வது நேரத்தை. புறநகரில் வீடு, நகருக்குள் அலுவலகம், இடையே மின்சார ரயில். எழுதுவதற்கென்று ஒதுக்கிய மணித்துளிகளைத் தொங்கிக்கொண்டே கழிக்க வேண்டியிருக்கும். ஊதிய உயர்வின் பெரும்பகுதியை வாடகை தின்றுவிடும். 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் குடிக்க நீரில்லை. மதுரையில் வைகை மணலாகக் கிடக்கிறது என்று அலுத்துக்கொள்பவர் அங்கே போய் லாரிக்குக் குடத்தோடு நிற்கலாம். 2020இல் ஊரடங்கு வந்தபோது, யாருக்கும் தெரியாமல் வாழும் சுகத்தின் மறுபக்கத்தைப் பலர் கண்டார்கள். அறைக்குள் காய்ச்சலோடு கிடந்தால் கதவைத் தட்டக் கோவலனுக்கு ஒரு மாதரியாவது இருந்தாள்.

இவ்வளவும் பேசியபின் நண்பருக்கு நாங்கள் சொன்னது இது. போங்கள். பள்ளி தரும் ஊதியத்தில், தங்கையின் படிப்புக் கடனையும் வைத்துக்கொண்டு, இங்கே நீங்கள் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருப்பதும் நடக்கப் போவதில்லை. எழுத்துக்காகப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கே எழுத முடியாமற் போகும் முதல் ஆண்டில் அந்தச் சொல்லே உங்களைக் குத்தும். மூத்தவருக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. அவர் தம்முடைய மறுப்பைத் தனியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் வெளியிடுவோம்.

ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். வீட்டு முன்பணத்துக்காக, பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் அரை ஏக்கரை விற்கலாம் என்று நண்பர் யோசிக்கிறார். வேண்டாம் என்றோம். 1895இலிருந்து நீர் வரும் நிலம். விற்றால் இனி அவரால் திரும்ப வாங்க முடியாது. குத்தகைக்கு விடலாம். முன்பணத்தை வட்டியில்லாமல் புரட்டித் தருவதாக எங்களில் மூவர் ஏற்றிருக்கிறோம். நிலம் அம்மா பெயரில் இருக்கிறதாம். விற்பது பற்றியோ சென்னை பற்றியோ அவரிடம் இன்னும் பேசவில்லை என்று நண்பர் சொன்னார். வேலையில் சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.