மேதையின் பட்டியலையும் சரிபாருங்கள்

12-க்கு 6 காரணிகள் உண்டு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்கள் நூற்றுக்கு மேல் கண்டறிந்து, கணிதமேதை இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழக ஏட்டில் பட்டியலிட்டார். அதில் ஒன்று விடுபட்டுப் போயிற்று: 2,93,31,86,25,600!

இது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 காரணிகள்.

இதனால் மேதையின் புகழ் குறையாது. கணிப்பொறி இல்லாத காலத்து உழைப்பு அது. ஆனால் மூலக்குளத்தில் என்னிடம் ஐயம் கேட்க வரும் மாணவர்கள், "புத்தகத்திலேயே இருக்கிறதே, சார்!" என்று கணக்கைப் போடாமல் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. அறிவியலில் பெரிய பெயர் சான்றாகாது. நான் எழுதியதையும் பென்சில் எடுத்துச் சரிபாருங்கள்.