பச்சை மட்டை

போன மாதம் வெள்ளவத்தையில் மகளுக்கு ஒரு ரீ சேட் வாங்கினேன். கழுத்தில் தொங்கிய பச்சை மட்டையில் இலைப்படம், 'சூழலுக்கு உகந்தது' என்ற வாசகம். மூன்றாவது முறை தோய்க்கத் தையல் விட்டுவிட்டது. உள்ளே தைத்திருந்த சிறு துணிச்சீட்டைப் பிறகுதான் பார்த்தேன்: பாதிக்கு மேல் பொலியெஸ்ரர். அதாவது பிளாஸ்ரிக் நூல். மண்ணில் உக்காது.

2022இல் நெதர்லாந்து நுகர்வோர் அதிகார சபை கேள்வி எழுப்பிய பின்னர்தான், எச் அன்ட் எம், டெகத்லோன் ஆகிய பெரிய நிறுவனங்கள் இப்படியான தெளிவற்ற பசுமைச் சொற்களைத் திருத்தவோ கைவிடவோ சம்மதித்தன. எமது நாட்டு ஆடைத் தொழிற்றுறையும் 2006இல் 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' என்று பிரசாரம் செய்தது. நல்ல பெயர்தான். தைத்த பெண்ணின் சம்பளத்தை எந்த மட்டையிலும் நான் கண்டதில்லை.

இதில் எமக்கென்ன என்கிறீர்களா? கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளைக் கிலோக்கணக்கில் வாங்கிக் கால்மிதி தைத்து விற்கிறார். 'முழுக்கப் பருத்தி' என்று கொடுத்த மூட்டையில் பாதி பொலியெஸ்ரர். தண்ணீரை உறிஞ்சவில்லையென்று கால்மிதிகள் திரும்பி வந்தன. இரண்டு கிழமை உழைப்பு வீண்.

வெட்டுத்துண்டுக்குத் துணிச்சீட்டும் இல்லையே. அதனால் இப்போது காசு கொடுக்கமுன் ஒரு நூலை இழுத்து, குறட்டால் பிடித்து, நெருப்புக் காட்டுகிறார். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பொலியெஸ்ரர். கலப்புத் துணியென்றால் இரண்டும் தெரியும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பொலியெஸ்ரர் துண்டுகளைக் குப்பையோடு எரிக்க வேண்டாம். அந்தப் புகை கூடாது. அக்கா அவற்றைச் சிறிதாக வெட்டித் தலையணைக்குள் அடைக்கிறார். மகளின் ரீ சேட்டையும் அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன்.