வெள்ளிச் செதில்

போன ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். வரிசையாகப் பாட்டில்கள், பாட்டிலுக்கு ஒரு ஃபைட்டர் மீன். சேர்த்து விட்டால் ஆண் மீன்கள் கடித்துக்கொண்டு சாகும் என்பதால் இந்தத் தனிச் சிறை. "இதைப் பாருங்கள் சார், டிராகன்!" என்று ஒன்றை உயர்த்திக் காட்டினார். உடம்பெல்லாம் வெள்ளித் தகடு வேய்ந்தாற்போல் மின்னிற்று. தீனியைப் போட்டார். மீன் அதை விட்டு வேறு பக்கம் தேடிற்று. கண்ணின் மீதும் அந்த வெள்ளிச் செதில் படர்ந்திருந்தது.

"பார்வை கொஞ்சம் மட்டு. இந்த நிறத்திலே அது சகஜம்" என்றார், ஜலதோஷத்தைச் சொல்வது போல.

சயாம் தேசத்து வயல் நீரில் பிறந்த ஜாதி இது. அங்கே அதன் நிறம் மங்கிய பழுப்புத்தான். பளபளப்பைச் சண்டைக்கும் காதலுக்கும் சற்றே காட்டிவிட்டு அடக்கிக்கொள்ளும். அதை நிரந்தரமாக்கினவன் மனிதன். ஓர் ஈட்டுக் குஞ்சுகளில் கண்ணுக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி, அண்ணனுக்குத் தங்கையையும் அப்பனுக்கு மகளையும் கூட்டிவைத்து, தலைமுறை தலைமுறையாக அந்த நிறத்துக்கு உரமேற்றுகிறான். "மிச்சத்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பெரிய மீனுக்குப் போட்டுவிடுவேன்."

புதுப் பாவமில்லை இது. சீனாவில் ஆயிரம் வருஷமாகத் தங்கமீனைப் பொறுக்கிப் பொறுக்கி, வானத்தையே பார்க்கும் கண்ணுள்ள மீனையும் கண்ணுக்கடியில் நீர்ப்பை தொங்கும் மீனையும் உண்டாக்கிவிட்டார்கள்.

1999-இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் நம் நாட்டு வரிமீனுக்குள் ஜெல்லிமீனின் மரபணுவைப் புகுத்தி ஒளிரச் செய்தார்கள். தண்ணீரில் மாசைக் காட்டித்தரும் மீன் வேண்டுமென்பது அவர்கள் நோக்கம். 2003 முடிவதற்குள் அது அமெரிக்கக் கடைகளில் அலங்காரமாகிவிட்டது. மரபணு என்றதும் பதறுகிற நம்மவர்கள் இந்தப் பாட்டில்களைப் பார்த்துப் பதறுவதில்லை. அந்த மீனுக்காவது கண் தெரிகிறது!

"மீனுக்கு என்ன சார் தெரியும்?" என்பார்கள். தீனி எங்கே என்று தெரியவில்லையே, அது போதாதா? பிழைப்பில் மண் போடாதே என்பார்கள். கொளத்தூரைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீனை நம்பி உலை வைப்பது எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பழுப்பு மீனைக் கேட்டால் பழுப்பு மீனை வளர்த்துத் தருவார்கள். கேட்பது நாம். பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் முதலில் "நிறமா?" என்று விசாரிக்கிற நாம்.

புறப்படும்போது எனக்கு ஒரு மீன் தருவதாகச் சொன்னார் நண்பர். மூலை வாளியில் கழித்துப் போட்டிருந்த பழுப்பு மீனைக் கேட்டேன்.

"அதுக்குக் காசு வேண்டாம் சார்" என்றார்.