சிஸ்டம் எடுக்க மாட்டேங்கு அண்ணாச்சி

திருநெல்வேலியில் எந்த கவுண்டரில் போய் நின்றாலும் இந்த ஒரு வரியைக் கேட்கலாம். அரசு அலுவலகம், தனியார் வங்கி, ஆஸ்பத்திரி பில் போடும் இடம், எதுவானாலும் சரி. “சிஸ்டம் எடுக்க மாட்டேங்கு அண்ணாச்சி. நாளைக்கு வாங்க.”

முன்பெல்லாம் “ஆபீசர் லீவு” என்பார்கள். “ஃபைல் மேலே போயிருக்கு” என்பார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனால் ஆபீசருக்கு ஒரு பேர் இருந்தது. மேலே என்றால் ஏறிப்போக ஒரு மாடிப்படி இருந்தது. இப்போது சிஸ்டம். அதற்குப் பேரும் கிடையாது, மாடிப்படியும் கிடையாது. லஞ்சம் வாங்காது என்பது ஒன்றுதான் அதன் நல்ல குணம்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிஸ்டம் தானாக எதையும் மறுப்பதில்லை. யாரோ எழுதிவைத்த விதியைப் படித்து அதன்படி நடக்கிறது, அவ்வளவுதான். அந்த யாரோ யார்? எப்போது எழுதினார்? யாரைக் கேட்டு எழுதினார்? இந்தக் கேள்விகளை இன்று எல்லாவற்றையும்விட அவசரமாகக் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிளவுட்.

பயந்துவிடாதீர்கள், மேகம் கீகம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் இந்த வியாபாரத்தில் பெரிய கைகள். சமையல் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதுபோல வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது திருப்பிக் கொடுத்துவிடலாம். வசதிதான். ஆனால் பாத்திரக்கடையில் அண்டாவை எடுக்க வண்டியோடு ஆள் போக வேண்டும். இங்கே ஒரு பையன் மவுஸை ஒரு தட்டு தட்டினால் போதும், ஐம்பது கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்துவிடும். மாசக் கடைசியில் பில் வரும்போதுதான் முதலாளிக்கு நெஞ்சு வலி வரும்.

அதனால்தான் விதிகள். இந்தியாவுக்குள் இருக்கும் கட்டடங்களில் மட்டுமே கம்ப்யூட்டர் எடுக்கலாம். இன்ன அளவுக்கு மேல் பெரிய மெஷின் கூடாது. ஒவ்வொரு மெஷினிலும் இது யாருடையது, எந்த வேலைக்கு என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், ஆட்டுக்கு அடையாளம் போடுகிற மாதிரி. தகவல் கிடங்கை ஊருக்கெல்லாம் திறந்துவைக்கக் கூடாது. இப்படிப்பட்ட விதிகளை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், கிளவுடே ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்த்து, பொருந்தாததை அங்கேயே மறுத்துவிடும். பாலிசி என்று இதற்குப் பெயர். மனிதர் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

நான் இந்த விதிகளுக்கு எதிரி இல்லை. விதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கிராமங்களில் பீம் பணப் பரிவர்த்தனைக்கு ஆள் சேர்ப்பதற்காக ஓர் இணையதளம் நடந்தது. அதன் கிளவுட் கிடங்கு பூட்டாமல் கிடந்தது என்று 2020 மே மாதக் கடைசியில் வி.பி.என்.மென்ட்டர் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வுக்குழு வெளியிட்டது. ஆதார் அட்டை நகல், ஜாதிச் சான்றிதழ் என்று சுமார் 70 லட்சம் ஆவணங்கள். பீம் செயலியில் ஓட்டை எதுவும் இல்லை என்று என்.பி.சி.ஐ. மறுத்தது. செயலி பத்திரமாகவே இருக்கட்டும். கிடங்குக் கதவு? ‘பொதுவுக்குத் திறக்காதே’ என்று ஒரே ஒரு விதி இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்காது. அமேசான்கூட 2023 ஏப்ரலில்தான் புதிதாக உருவாகும் எல்லாக் கிடங்குகளுக்கும் பொது வாசலை அடைத்தே கொடுக்க ஆரம்பித்தது.

ஆகவே விதி வேண்டும். என் சண்டை வேறு. விதியை எழுதிவிட்டு, எழுதியவர் ஒளிந்துகொள்கிறாரே, அதோடுதான் என் சண்டை.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி நிறுவனம். ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களின் வாழ்நாள் சேமிப்பு அதில் இருக்கிறது. 2024 மே மாதம் ஒருநாள் கூகுள் கிளவுடில் இருந்த அதன் கணினி ஏற்பாடு ஒன்று அழிந்துபோனது. வைரஸ் இல்லை, திருடன் இல்லை. ஏற்பாட்டை முதலில் அமைத்தபோது கூகுளின் ஊழியர்கள் ஓர் உள் கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால் ‘ஒரு வருஷம்’ என்று எடுத்துக்கொள்வது அந்தக் கருவியின் வழக்கம். ஒரு வருஷம் முடிந்தது, அழித்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு அழித்ததல்ல என்பதால் அவருக்கு முன்னறிவிப்பும் போகவில்லை. வேறொரு நிறுவனத்தில் யூனிசூப்பர் பிரதி எடுத்துவைத்திருந்தது பெரிய கைகொடுத்தது. அப்படியும் சுமார் ஒரு வாரம் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை.

இதில் ரோபோ இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. ஏ.ஐ. வந்து மனித குலத்தை விழுங்கிவிடும் என்று வாராவாரம் டி.வி.யில் விவாதம் செய்கிறோம். தமிழ்நாடு அரசு 2020-லேயே செயற்கை நுண்ணறிவுக்கு அறம் சார்ந்த கொள்கை ஒன்றை வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் ‘இது இப்படி இருந்தால் அதை அழி’ என்ற பத்து வரி விதிக்கு யாரும் அறம் பேசுவதில்லை. அது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பொதுவான ஒன்றை விதி போட்டுப் பங்கிடுவது தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள், மதகுகள், மடைகள். காருக்கு எப்போது தண்ணீர், பிசானத்துக்கு எப்போது தண்ணீர் என்று ஒவ்வொரு வருஷமும் கேள்வி வரும். பாபநாசம் அணையைத் திறக்க அரசு உத்தரவு போடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தெந்தக் கால்வாய்க்கு, எத்தனை ஏக்கர் பாசனம் பெறும் என்று அதில் இருக்கும். ‘நீர் இருப்பையும் நீர் வரத்தையும் பொறுத்து’ என்று ஒரு வாலும் இருக்கும். அந்த வால் முக்கியம். விதி எழுதியவர், தனக்குத் தெரியாத மழையும் வெயிலும் வரும் என்று ஒப்புக்கொள்கிற இடம் அது.

ஆற்று நிர்வாகம் தங்கமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. கடைமடை விவசாயியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தினம் 2 கோடி கேலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். ஏன் போக முடிந்தது? திட்டம் காகிதத்தில் இருந்தது. எவ்வளவு என்று எண் இருந்தது. எடுப்பவர் யார், அனுமதித்தவர் யார் என்று தெரிந்தது. கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து நின்று, “எங்க கால்வாய்ல ஏன் தண்ணி விடலை?” என்று கேட்டால், “மதகு ஒத்துக்க மாட்டேங்கு” என்று எந்த இன்ஜினீயரும் பதில் சொல்ல முடியாது. கிளவுட் மதகுக்கு மட்டும் அந்தப் பதில் எப்படிச் செல்லுபடி ஆகிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் முங்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த ராத்திரியில் கிளவுடில் ஓர் உதவித் தளம் ஓடுகிறது என்று ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே படகு, எங்கே சோறு, எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் என்று ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். கூட்டம் கூடக்கூட மெஷின் கூடுகிறது, செலவும் கூடுகிறது. ‘மாச பட்ஜெட் தாண்டினால் நிறுத்து’ என்று எப்போதோ யாரோ சிக்கனமாக ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார். விதி தன் கடமையைச் செய்யும். அதற்கு வெள்ளம் தெரியாது. அந்நேரம் அந்த விதியை ஆறு மணி நேரம் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம்? அவர் போன் நம்பர் என்ன? விதி எழுதும்போதே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

“இதுக்குத்தான் சொல்லுதோம், எல்லாத்தையும் சுதேசிக் கம்பெனிக்கு மாத்திடணும்” என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கும் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. குஜராத்தில் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் கம்பெனி அது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதன் சேவைகளை நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய சேவை, இந்தியாவில் இருக்கும் கம்பெனி, நிறுத்தக் காரணமோ பிரஸ்ஸல்ஸில் எழுதிய விதி. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு நயாரா போன பிறகு, மாசக் கடைசியில் சேவை திரும்பியது. அதே ஆண்டில் மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் ஜோஹோ தளத்துக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. நம் சிற்றாற்றுப் பக்கம், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் பத்து வருஷத்துக்கு மேலாக இருந்து வேலை செய்யும் அதே ஜோஹோதான். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வேலை, நமக்குப் பெருமை. சந்தோஷம்.

ஆனால் சாவி வெளிநாட்டுக்காரர் கையிலிருந்து உள்ளூர்க்காரர் கைக்கு வந்துவிட்டதாலேயே மதகு நியாயமாகத் திறக்கும் என்று அர்த்தமில்லை. மேலக்கால்காரரும் கீழக்கால்காரரும் தண்ணீருக்குச் சண்டை போட்டது வெள்ளைக்காரனோடு மட்டுமா? எழுதியவர் யார், எங்கே படிக்கலாம், யாரிடம் முறையிடலாம்? ரெட்மண்டைக் கேட்கும் கேள்வியைத்தான் மத்தளம்பாறையையும் கேட்க வேண்டும், சென்னைக் கோட்டையையும் கேட்க வேண்டும்.

கேட்கச் சட்டம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4-வது பிரிவு, யாரும் மனு போடாமலே ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. ஊழியர்கள் தங்கள் பணியில் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள் அதில் அடக்கம். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊழியர் காகிதத்தில் வைத்திருந்தால் அது விதி, கம்ப்யூட்டரில் எழுதிவைத்தால் அது விதி இல்லையா?

உடனே ஒரு பூச்சாண்டி காட்டுவார்கள்: “விதியை வெளியே சொன்னால் ஹேக்கர் வந்துவிடுவான்.” எல்லாவற்றையும் சொல்லச் சொல்லவில்லை. பூட்டின் நம்பரை யாரும் கேட்கவில்லை. பூட்டு இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், சாவி யாரிடம் என்று கேட்கிறோம். இதைச் சொல்வதால் திருடு போகும் வீடு, ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது.

வேண்டியது நாலே விஷயம். அரசுக்கும் சரி, கங்கைகொண்டானிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கிற சின்னக் கம்பெனிகளுக்கும் சரி. ஒன்று, ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் சாதாரணத் தமிழில் ஒரு வாக்கியம்: என்ன விதி, ஏன், எந்தத் தேதி, பொறுப்பு யார். இரண்டு, புது விதியை முதல் நாளே மறுக்க விடாதீர்கள். கொஞ்ச நாள் வெறுமனே கணக்கெடுக்கட்டும், எது எது மாட்டுகிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கிளவுடில் இதற்கென்றே ‘ஆடிட்’ என்று ஒரு நிலை இருக்கிறது, அதைத் தாண்டித்தான் ‘டினை’க்குப் போக வேண்டும். மூன்று, எந்த விதியும் தானாக எதையும் அழிக்கக் கூடாது. நிறுத்தி வைக்கலாம், இரண்டு பேருக்குச் சொல்லலாம், அழிப்பது மனிதர் கையால் நடக்கட்டும். பிரதி ஒன்று வேறொரு நிறுவனத்தில் இருக்கட்டும். நான்கு, விதிவிலக்கு. கேட்டால் கொடுக்க ஒரு ஆள், அந்த விலக்குக்கு ஒரு கடைசித் தேதி. கடைசித் தேதி இல்லாத விலக்கு, வேண்டியவர்களுக்குத் திறந்துவிட்ட கள்ள மடை.

இதில் எதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். இந்த வசதிகள் எல்லாம் பெரிய கிளவுட் கம்பெனிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: ‘இந்த விதியை நான்தான் எழுதினேன்’ என்று கையெழுத்துப் போட ஒரு மனிதர். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, “சிஸ்டம்” என்று யார் சொன்னாலும் நாம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, “அது யாருடைய உத்தரவு சார்? நகல் குடுங்க.”