பரணும் தராசும்

நமக்கு நெடுங்காலம் பழக்கமாயிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீடு, அவர் காலமான நாற்பதாம் நாள் 'சுத்தம்' செய்யப்பட்டது. செய்தி அறிந்து நாம் போய்ச் சேர்ந்தபோது மூன்று டிரங்குப் பெட்டிகள் முற்றத்து வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. பழைய பேப்பர்க் கடையிலிருந்து சிற்றிதழ்த் தொகுதிகள் சிலவற்றை மட்டும் மீட்க முடிந்தது. ஐம்பதாண்டுக் கடிதங்களும், தம் ஊர்ப் பேச்சுவழக்கிலிருந்து அவர் திரட்டிய சொற்பட்டியலும் மீளவில்லை. அவை 'வெறும் தாள்' என்பதால் முதல் மூட்டையிலேயே போய்விட்டிருந்தன. அந்த வீட்டில் தீயவர் எவரும் இல்லை. தந்தையின் மீது அன்புள்ள பிள்ளைகள்தாம். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

வீட்டை ஒழுங்குபடுத்துதல் இன்று ஏறக்குறைய ஒரு சமயநெறியாகவே வளர்ந்துவிட்டது. ஜப்பானியரான மரீ கோண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகி நம் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சி தராத பொருளை விலக்கு என்பது அவர் உபதேசம். தம்மிடம் ஏறத்தாழ முப்பது நூல்களே இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அது அவர் விருப்பம். ஆனால் அவர் வலியுறுத்தும் இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும். நாம் கற்றுக்கொண்டது எறிவதை மட்டுமே. கையில் எடுத்துப் பார்ப்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

தவிர, மகிழ்ச்சி என்னும் அளவுகோல் தாள்களுக்குப் பொருந்துவதில்லை. பாட்டனாரின் கடன் பத்திரம் யாருக்கு மகிழ்ச்சி தரும்? ஆனால் அந்த ஆண்டு நெல் என்ன விலை விற்றது, வட்டி எவ்வளவு, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதற்கு அதுவே ஆதாரம். அச்சான நூல் நம் வீட்டில் இல்லாவிட்டால் கன்னிமாராவில் இருக்கலாம். கையெழுத்துத் தாளுக்கு இரண்டாம் படி கிடையாது.

போகி வந்தால் போதும், நன்னூலைச் சாட்சிக்கு அழைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பவணந்தியார் அந்த நூற்பாவைச் சொல்லதிகாரத்தின் இறுதியில் வைத்திருக்கிறார். வழக்குகள் மறைவதும் தோன்றுவதும் காலத்தின் இயல்பு, அதைப் பிழையெனக் கொள்ள வேண்டாம் என்கிறார். மொழிக்குச் சொன்ன அமைதி அது. வீட்டுத் தாள்களைக் கொளுத்தச் சொன்ன கட்டளையாக அதை வாசிப்பவர்கள், நூற்பாவின் முதற்பாதியோடு நின்றுவிட்டவர்கள்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்ற கதையை நம்மில் பலரும் படித்திருப்போம். கோயிலில் குவிந்து கிடந்த பழைய சுவடிகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. அதைப் படித்து நாம் பதறுகிறோம். செய்தவர்களோ பதறவில்லை. அடைசலை நீக்கினோம், அதையும் முறைப்படி நீக்கினோம் என்ற மனநிறைவுதான் அவர்களுக்கு இருந்தது. தராசில் தாள்களை ஏற்றிவிட்டு வீட்டைக் கழுவி விடும் நமக்கும் அதே மனநிறைவுதான். அவர்களாவது நெய் செலவழித்தார்கள்.

இவ்வளவில் நிறுத்தினால் நம் இலக்கிய நண்பர்கள் கைதட்டுவார்கள். அவர்களுக்கும், நமக்கும், சொல்ல வேண்டியது மிச்சமிருக்கிறது. 'வீடு முழுக்கப் புத்தகம்' என்று பெருமை பேசும் நம்முள் எத்தனை பேருக்குப் பரணில் இருப்பது என்னவென்று தெரியும்? கட்டுப் பிரிக்காத அட்டைப் பெட்டியில் இராமபாணப் பூச்சி துளைத்துக்கொண்டிருக்கிறது. சுவரோரக் கட்டில் கறையான் ஏறிவிட்டது. எறிந்தவன் ஒரே நாளில் அழித்ததைச் சேர்த்தவன் இருபது ஆண்டுகளில் அழிக்கிறான். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தத் தூசியைத் துடைத்தவர் யார்? நாம் அல்லர். தாம் திறந்து பார்க்க அழைக்கப்படாத பெட்டிகளைச் சுற்றி நாள்தோறும் பெருக்கிய பெண்கள், ஒருநாள் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டால், அதை அறியாமை என்று பழிக்க நமக்கு உரிமை இல்லை. அந்த ஆசிரியரின் பிள்ளைகளுக்கும் எந்தப் பெட்டியில் எது இருக்கிறதென்று அவர் சொல்லிவைக்கவில்லை. பேரிழப்பில் பாதி அங்கேயே தொடங்கிவிட்டது.

குவித்து வைத்தலும் காத்தலும் வேறு வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் சேர்த்தவர். பிறர் வீட்டில் குப்பையாகியிருக்கக் கூடியவை அவை. 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று ஆய்வாளர் ஒருவர் கேட்கும் துண்டறிக்கை கைக்குக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் அட்டவணை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் ஒன்று. தேடினால் கிடைக்காத பொருள் வீட்டில் இருந்தும் இல்லாததே.

ஆகவே நாம் வேண்டுவது சிறிய காரியம். எடைக்குப் போடுமுன் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு முழுநாள் உட்காரட்டும். எங்கும் கிடைக்கும் பாடநூல்களும் வார இதழ்களும் தாராளமாகப் போகட்டும். அதற்குக் கண்ணீர் வேண்டாம். இந்த வீட்டில் மட்டுமே இருக்கக்கூடியவை தனியே வரட்டும்: கடிதம், கணக்கு நோட்டு, பாட்டியின் மருந்துக் குறிப்பு, ஊர் நாடக நோட்டீஸ். புகைப்படத்தின் பின்னால் இருப்பவர் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எது எங்கே என்று குறித்து, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். கைபேசியில் படமெடுத்தால் போதும் என்பாரும் உளர். பெயரிடப்படாத ஆயிரம் படங்கள் இன்னொரு பரண்தான்.

இதைச் செய்தால் வீடு தானே சுருங்கும், அடைசலும் குறையும். நாமும் கடந்த மாதம் நம் பரணிலிருந்து ஒன்பது பெட்டிகளை இறக்கினோம். ஆறு பெட்டிகள் எடைக்குப் போயின, வருத்தமில்லை. ஒன்றில் கறையான் நமக்கு முன்பே வேலையை முடித்திருந்தது. மிஞ்சிய இரண்டுக்கு இப்போது பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியவர், இத்தனை ஆண்டுகள் அந்தப் பெட்டிகளைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த நம் மனைவியார்.